மாயக் கூடாரமும் வாசலை அடைத்து நிற்கும் காவலர்களும்

தமிழ்ச் சிற்றிதழ்ச் சூழலில் எழுதப்படாத விதி ஒன்று நெடுங்காலமாக நடைமுறையில் இருந்துவருகிறது. மாயம் குழந்தைகளுக்கு உரியது. யதார்த்தம் பெரியவர்களுக்கு உரியது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பதினான்கு, பதினைந்து வயதினருக்கு எதுவும் தேவையில்லை, அவர்கள் பொதுத்தேர்வுக்குப் படித்தால் போதும். இவ்விதியை யாரும் எந்த இதழிலும் அச்சிட்டதில்லை. ஆயினும் இளையோருக்கான மாயப்புனைவு குறித்த பேச்சு எழும்போதெல்லாம் அது தன் வேலையைச் செய்துவிடுகிறது. ஒருவர் புன்னகைப்பார். இன்னொருவர் ‘ஹாரி பாட்டர் மாதிரியா?’ என்பார். மூன்றாமவர் பேச்சை நாவலின் வடிவச் சிக்கல்களுக்குத் திருப்பிவிடுவார்.

அந்தப் புன்னகையோடுதான் எங்கள் வழக்கு. அது ரசனையின் உயரத்திலிருந்து வருவதாகப் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். வாசிக்காமையிலிருந்து வருகிறது என்பது எங்கள் எண்ணம். பிறநாட்டு நூல்களை வாசிக்காமை மட்டுமன்று. நம் சங்க இலக்கியத்தையும் நம் ஊர்க் கூத்தையும் வாசிக்காமையும் அதில் அடக்கம்.

வாதத்தைக் குறுக்கிக்கொள்ள ஒரே ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்வோம். மாயச் சர்க்கஸைக் களமாகக் கொண்ட நாவல். எரின் மார்கன்ஸ்டெர்னின் ‘தி நைட் சர்க்கஸ்’ 2011இல் வெளிவந்தது. பெரியவர்களுக்கான நாவலாகவே வெளியிடப்பட்டாலும், பதின்வயதினரையும் ஈர்க்கும் நூல்களுக்கு அமெரிக்க நூலகச் சங்கம் வழங்கும் அலெக்ஸ் விருதை அது பெற்றது. ஸ்டெபனி கார்பரின் ‘காரவல்’ 2017இல் இளையோருக்கென்றே எழுதப்பட்டு வந்தது. அடுத்த ஈராண்டுகளில் அதன் தொடர்ச்சியாக மேலும் இரு பாகங்கள் வந்தன. பெருநகரங்களின் ஆங்கிலவழிப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் இந்நூல்களை வாசிக்கிறார்கள். வடக்கனந்தலிலும் கச்சிராயபாளையத்திலும் இருக்கும் பிள்ளைகளுக்கும், கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கும் பிள்ளைகளுக்கும் இவை எட்டுவதில்லை. அவர்களுக்கு எட்டும் மொழியில் இவ்வகையில் பேர்சொல்லும் ஒரு நாவல் இன்றுவரை எழவில்லை.

‘அதனால் என்ன குடிமுழுகிவிட்டது?’ என்பதே புன்னகையாளர்களின் அடுத்த கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால், அந்த நாவல்களுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

‘தி நைட் சர்க்கஸ்’ நாவலின் மேற்பரப்பு அழகுமயமானது. முன்னறிவிப்பில்லாமல் ஊருக்கு வெளியே வந்து நிற்கும் கறுப்பு வெள்ளைக் கூடாரங்கள், இரவில் மட்டும் திறக்கும் வாயில், பனிக்கட்டியால் ஆன தோட்டம். இதைப் பார்த்துவிட்டுத்தான் ‘அலங்காரச் சரக்கு’ என்று தீர்ப்பெழுதுகிறார்கள். ஆனால் கதையின் முதுகெலும்பு வேறு. தாயை இழந்த சிறுமி செலியாவை அவளுடைய தந்தையான மந்திரவாதி பழக்குகிறான். எப்படி? அவளுடைய விரல் நுனிகளை ஒவ்வொன்றாகக் கீறுகிறான். பத்து விரல்களையும் ஒரே சமயத்தில் மந்திரத்தால் ஆற்றிக்கொள்ள அவள் கற்கும்வரை கீறுகிறான். அவளுக்கு எதிராளியாக வளர்க்கப்படும் மார்கோ அநாதை விடுதியிலிருந்து எடுத்துவரப்பட்டவன். இரு கிழவர்கள் தமக்குள் வைத்துக்கொண்ட பந்தயத்துக்காக இந்த இரு குழந்தைகளும் மோதிரத்தால் பிணைக்கப்படுகிறார்கள். யாரும் அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை. ஒருவர் தாங்கமாட்டாமல் வீழும்வரை போட்டி முடியாது என்பதும் வளர்ந்த பிறகே அவர்களுக்குத் தெரியவருகிறது. அந்த வண்ணக் கூடாரங்கள் யாவும் அப்பந்தயத்தின் ஆடுகளம். இன்னொரு பக்கம் பெய்லி என்ற பண்ணைவீட்டுப் பையன். பாட்டி அவனை ஹார்வர்டுக்கு அனுப்ப விரும்புகிறாள். தந்தை பண்ணையைப் பார்க்கச் சொல்கிறார். அவனுக்கு என்ன வேண்டும் என்பது அவ்வீட்டில் எழாத கேள்வி.

பெரியவர்களின் பந்தயம் பிள்ளைகளின் உடலில் ஆடப்படுவதைப் பற்றிய கதை இது. மருத்துவம் இல்லையேல் வாழ்வில்லை என்று மகனை ஈராண்டு பயிற்சி மையத்தில் அடைத்துவைக்கும் வீடுகளும், பதினேழு வயது மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கிவிடும் வீடுகளும் நிறைந்த நம் மாவட்டத்தில், இக்கதையை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையிராது. பதினைந்து வயதில் வாசிப்பவருக்கு முதல் ஐம்பது பக்கங்களிலேயே தன் வீடு தெரிந்துவிடும்.

இனி நம் விமர்சகர்களின் இரட்டை அளவுகோலுக்கு வருவோம். மாய யதார்த்தம் என்ற சொல் தமிழுக்கு வந்தபோது நாம் எப்படிக் கொண்டாடினோம் என்பது இதழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும். கார்சியா மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ 2013இல் தமிழில் வெளிவருவதற்குப் பல்லாண்டுகள் முன்பே, அந்நாவலைப் படிக்காதவர்களும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்நாவல் எங்கே தொடங்குகிறது? நாடோடிகள் போடும் கூடாரத்தில். காந்தமும் தொலைநோக்கியும் கொண்டு வந்து ஊரையே வாய்பிளக்க வைக்கிறார்கள்; ஒரு தந்தை தன் பிள்ளைகளைக் கூடாரத்துக்கு அழைத்துப்போய்ப் பனிக்கட்டியைத் தொட்டுப்பார்க்கச் செய்கிறார். அவருடைய மூத்த மகன் தலையில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு அந்த நாடோடிகளோடு ஊரைவிட்டே போய்விடுகிறான். மாயக் கூடாரம், அதைப் பார்த்து நிற்கும் பிள்ளைகள், வீட்டைவிட்டு ஓடும் இளைஞன் என எல்லாமே அங்கே இருக்கின்றன. பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர் அதை நமக்காக எழுதினால் இலக்கியம். அதே கூடாரத்தைப் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வாசிக்கும்படி எழுதினால் சிறுபிள்ளைத்தனம். இந்தப் பாகுபாட்டுக்கு அழகியல் காரணம் ஒன்றையாவது யாரேனும் சொன்னால் கேட்டுக்கொள்ளக் காத்திருக்கிறோம்.

‘அது மேலைநாட்டுச் சரக்கு, நம் மண்ணில் வேர் இல்லை’ என்பது அடுத்த வாதம். இந்த வாதத்தைத் தமிழ் படித்தவர்களே சொல்லும்போதுதான் வருத்தமாக இருக்கிறது. குறுந்தொகையின் ஏழாம் பாடலை நினைத்துப் பாருங்கள். பெரும்பதுமனார் பாடியது. மூங்கில் அடர்ந்த சுரத்து வழியில் வாகை நெற்றுகள் காற்றில் அதிர்ந்து ஒலிக்கின்றன. அவ்வொலிக்குப் புலவர் தேடிய உவமை, கயிற்றின் மேல் ஆடும் ஆரியக் கூத்தரின் பறையொலி. அந்தச் சுரத்தில் நடந்துபோகிறவர்கள் யார்? வீட்டைவிட்டுக் கிளம்பிய ஓர் இளைஞனும், காலில் சிலம்பு இன்னும் கழற்றப்படாத ஓர் இளம்பெண்ணும். வழியில் கண்டோர் இரக்கத்தோடு அவர்களைப் பார்க்கிறார்கள். ஊரூராய்ப் போகும் கயிற்றாட்டமும் ஊரைவிட்டுப் போகும் இளமையும் ஒரே பாடலில் கூடியிருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அது நம் முன்னால்தான் இருக்கிறது.

நற்றிணையின் 95ஆம் பாடல் இன்னும் நெருக்கமானது. கோட்டம்பலவனார் பாடியது. குழலும் பல்லியங்களும் ஒலிக்க ஆடுமகள் நடந்த முறுக்குக் கயிறு மலையூரில் கட்டப்பட்டிருக்கிறது. அவள் ஆடிய அதே கயிற்றில், அத்திப்பழம் போன்ற சிவந்த முகமுடைய குரங்கின் குட்டி தொங்கியாடுகிறது. அதைக் கண்ட குறவர் பிள்ளைகள் மூங்கில் வளர்ந்த பாறையின் மேலேறி, எழும்பிக் குதித்துத் தாளம் கொட்டுகிறார்கள். வித்தை காட்டியவரும், அதைப் போலச் செய்து பார்க்கும் விலங்கும், தாளம் போட்டு அதைத் தமதாக்கிக்கொள்ளும் மலைப்பிள்ளைகளும் சில அடிகளுக்குள் வந்துவிடுகிறார்கள். பாடலின் முடிவில் தலைவன் தன் நெஞ்சு அந்த மலைச் சிறுகுடியின் கொடிச்சியிடம் கட்டுண்டு கிடப்பதாகவும், அதைப் பிறர் யாராலும் அவிழ்க்க முடியாது என்றும் சொல்கிறான். கயிற்றில் தொடங்கிப் பிணிப்பில் முடியும் இப்பாடலை முதுகலை வகுப்புகளில் திணை, துறை, கூற்று என்று பிரித்து நடத்திவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஒரு நாவலின் விதை கையிலிருப்பதை மாணவருக்கு நாம் சொல்வதில்லை.

ஏட்டை விடுவோம். இந்த வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து இன்றும் நடக்கிறது. அர்ச்சுனன் தபசு அன்று வேடமிட்டவர் நெடுமரத்தில் பாடிக்கொண்டே ஏறுகிறார். உச்சியில் நின்று எலுமிச்சம்பழமும் திருநீறும் வீசுகிறார். குழந்தை வரம் வேண்டுவோர் கீழே காத்திருக்கிறார்கள். எந்தச் சர்க்கஸில் இதைவிட உயரமான ஆட்டம் இருக்கிறது? கட்டியங்காரனைவிடக் கூரிய நாக்குள்ள கோமாளியை எந்தக் கூடாரம் கண்டிருக்கிறது?

இன்னும் ஒருவன் இருக்கிறான். 2019இல் உருவான நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் கூவாகம் இருக்கிறது. அங்கே கூத்தாண்டவராக வணங்கப்படும் அரவான் யார்? பெரியவர்களின் போரில் வெற்றி கிட்ட வேண்டும் என்பதற்காகக் களப்பலியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞன். முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்தியவர்களாகச் சொல்லப்படும் மூவரில் மற்ற இருவரும் போரை நடத்தத் தேவைப்படுகிறவர்கள், ஆகவே இவன். ஓரிரவுத் திருமணம், மறுநாள் பலி, பிறகு வெட்டுண்ட தலையாக நின்று பதினெட்டு நாள் போரையும் பார்க்கும் வரம். வில்லிபாரதம் அக்களப்பலியைப் பாடுகிறது. சித்திரை முழுநிலவில் நாடெங்கிலுமிருந்து வரும் திருநங்கையர் அவனுக்காகத் தாலி கட்டி, மறுநாள் அறுத்து அழுகிறார்கள். மார்கன்ஸ்டெர்னின் கிழவர்கள் பந்தயம் வைத்த பிள்ளைகளுக்கும் அரவானுக்கும் என்ன வேறுபாடு? இவனுக்குக் கோயில் இருக்கிறது, நாவல் இல்லை. இப்படியொரு கதைநாயகனைப் பக்கத்து ஊரில் வைத்துக்கொண்டு, மாயப்புனைவுக்கு நம் மண்ணில் வேர் இல்லை என்று பேசுவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

இனி, எங்களுக்கு மதிப்புள்ள ஓர் எதிர்ப்பு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கருணாபுரத்துத் தெருக்களில் ஒரே நாளில் வரிசையாகப் பிணங்கள் கிடந்தன. அப்பனை இழந்த பிள்ளைகள் இருக்கும் மாவட்டத்தில் மாயக் கூடாரமும் மந்திரக் கோலும் எதற்கு, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்று நேர்மையான சில நண்பர்கள் கேட்கிறார்கள். இவர்கள் புன்னகையாளர்கள் அல்லர். ஆகவே நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும்.

உள்ளதை உள்ளபடி எழுதும் நாவல் தேவை. அதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாவலை எழுதுகிறவரும் வாசிக்கிறவரும் பெரியவர்கள். தந்தையைக் குடியில் இழந்த பதினான்கு வயதுப் பையனிடம் அவன் இழப்பையே அச்சடித்துக் கொடுத்தால், அவன் புத்தகத்தை மூடிவைத்துவிடுவான். மூடிவைக்க அவனுக்கு உரிமை உண்டு. சொல்ல முடியாததைச் சொல்லவைக்க ஓர் இடைப்பொருள் வேண்டியிருக்கிறது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ இதற்குச் சான்று. பாலியல் சீண்டலுக்கு ஆளான சிறுமியால் அம்மாவிடம் சொல்ல முடியாததை, பேசும் மரப்பாச்சி ஒன்று கேட்டுக்கொள்கிறது. அப்பொம்மை பேசாதிருந்தால் அந்தக் கதையே இல்லை. அந்நூல் 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. கீழடியைப் பின்னணியாகக் கொண்ட உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023இல் அதே விருதைப் பெற்றது. அதற்கும் முன்பே ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ தினமணி சிறுவர்மணியில் தொடராக வந்தது. ஆக, தமிழில் மாயம் எழுத ஆள் இல்லை என்பதும் பொய். இந்நூல்களைப் பற்றி நம் இலக்கிய இதழ்கள் எத்தனை பக்கம் விவாதித்தன என்று அவரவர் வீட்டில் இருக்கும் பழைய இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். விருதுச் செய்தியோடு நின்றுபோயிருக்கும்.

இவ்வளவு சொன்னபின், எங்கள் தரப்பில் நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கறுப்பு வெள்ளைக் கூடாரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கோமுகி அணைக்கரையில் நட்டுவிட்டு, செலியாவுக்குச் செல்வி என்று பெயர் வைத்தால் தமிழ் நாவல் ஆகிவிடாது. அந்நாவல்களில் எங்களை உறுத்தும் குறை ஒன்று உண்டு. மார்கன்ஸ்டெர்னின் சர்க்கஸ் எப்போது வந்தது, யார் கூடாரம் அடித்தது என்று எவரும் காண்பதில்லை; விடிந்தால் இருக்கிறது. ‘காரவல்’ நாவலில் கதாநாயகி உடைகளுக்கு விலையாகத் தன் வாழ்நாளில் இரண்டு நாள்களைக் கொடுக்கிறாள், அருமையான கற்பனைதான். ஆனால் அந்த உடைகளைத் தைத்தவளுக்கு என்ன கூலி என்று நாவல் கேட்பதில்லை. நம் ஊர்களில் சர்க்கஸ் வந்ததைப் பார்த்தவர்களுக்கு முதலில் நினைவில் நிற்பது முளை அடிக்கும் சம்மட்டிச் சத்தம். வியர்வை வழிய நாலைந்து பேர் முறைவைத்து அடிப்பார்கள். அந்த ஆள்கள் இல்லாத சர்க்கஸ் நமக்குச் சர்க்கஸே அன்று.

இந்தியச் சர்க்கஸின் வரலாற்றை எழுத வருபவர் ஒருமுறையாவது படித்தாக வேண்டும். கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் தலச்சேரியை அடுத்த சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அங்கிருந்து வளர்ந்த மரபு நாடு முழுவதும் கூடாரம் அடித்தது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தைக்குப் பழக்குவதை மத்திய அரசு 1998இல் அறிவிக்கை வழியே தடுத்தது. உச்சநீதிமன்றம் 2001இல் அதை உறுதிசெய்தது. விலங்குகளுக்கு 2001இல் கிடைத்த நீதி பிள்ளைகளுக்குக் கிடைக்க இன்னும் பத்தாண்டு ஆயிற்று. பச்பன் பச்சாவ் ஆந்தோலன் தொடுத்த வழக்கில், சர்க்கஸில் சிறாரை ஈடுபடுத்துவதைத் தடைசெய்து அங்கிருப்பவர்களை மீட்கும்படி 2011 ஏப்ரலில்தான் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. நேபாளத்திலிருந்தும் ஏழ்மை மிக்க ஊர்களிலிருந்தும் கொண்டுவரப்பட்ட சிறுமிகள் அந்தக் கூடாரங்களுக்குள் இருந்தார்கள். அமெரிக்கப் பையனுக்குச் சர்க்கஸோடு ஓடிப்போவது விடுதலை. நம் நாட்டில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சர்க்கஸிலிருந்து ஓடிவருவதே விடுதலையாக இருந்திருக்கிறது. செலியாவின் கீறப்பட்ட விரல் நுனிகள் இங்கே உவமையாக நிற்பதில்லை. இந்த வேறுபாட்டை உணர்ந்தவர் எழுதும் தமிழ் மாயச் சர்க்கஸ், ஆங்கிலத்தில் வந்த எதையும்விட இருண்டதாகவும் உண்மையானதாகவும் இருக்கும் என்று நம்புகிறோம்.

கழைக்கூத்தாடிகளின் கதையும் இதில் சேர வேண்டும். 1871இல் வடக்கே தொடங்கி, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்திலும் கால்வைத்த குற்றப்பரம்பரைச் சட்டம், ஊரூராய்த் திரிந்து பிழைத்த குடிகளைக் குற்றவாளிகளாகப் பார்க்கக் காவல் நிலையங்களைப் பழக்கியது. 1947இல் மாகாண அரசு அச்சட்டத்தை நீக்கியது. அந்தப் பார்வை நீங்கிற்றா என்பதை, இன்று சந்தைத் திடலில் கயிறு கட்டும் குடும்பத்திடம்தான் கேட்க வேண்டும். கோட்டம்பலவனார் வியந்து பாடிய ஆடுமகளின் வழிவந்தவளை நாம் சில்லறை போட்டு அனுப்பிவைக்கிறோம்.

மலையாளிகளைப் பாருங்கள். ஸ்ரீதரன் சம்பாடு சர்க்கஸில் இருந்துவிட்டு வந்து சர்க்கஸ் வாழ்வை எழுதினார். அவர் கதையில் கே.ஜி. ஜார்ஜ் 1980இல் ‘மேள’ படத்தை எடுத்தார். அரவிந்தனின் ‘தம்பு’ 1978இலேயே வந்துவிட்டது. தமிழில் அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ ஒன்றே ஒன்று அந்த உயரத்தில் நிற்கிறது. வேலை கேட்டு வந்த டகர் பாயிட் காதர், படப்பிடிப்பு நிறுவனத்தின் அறைக்குள் புலியாகவே ஆகிவிடுவதை அச்சிறுகதை காட்டுகிறது. மந்திரம் ஏதும் இல்லாத அந்தக் கதையைவிட மாயமான பக்கங்கள் நம் நவீன இலக்கியத்தில் குறைவு. பின்னர் வாய்ப்பு வரும்போது அவரைத் தேடுகிறார்கள், கிடைக்கவில்லை. அவர் எங்கே போனார் என்ற கேள்வியிலிருந்து ஓர் இளம் எழுத்தாளர் ஒரு முழு நாவலைத் தொடங்கலாம்.

கல்வராயன் மலையிலிருந்து வரும் மாணவர்கள், தங்கள் முன்னோர் அண்ணன் தம்பிகளாகக் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த கதையைப் பாட்டிமாரிடம் கேட்டு வளர்ந்தவர்கள். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த அம்மலையில், கூலியில்லா உழைப்பைப் பற்றிய நினைவுகளும் அதே பாட்டிமாரிடம் இருக்கின்றன. மாயமும் கொடுமையும் ஒரே வாயிலிருந்து ஒரே இரவில் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கின்றன. கல்லூரிக்கு வந்ததும் இது நாட்டார் வழக்காறு, இது வரலாறு, இது இலக்கியம் என்று மூன்று தாள்களாக அவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம். நான்காவதாக, மாயம் எழுதினால் சிறுபிள்ளைத்தனம் என்ற எண்ணத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். அவர்களில் ஒருவர் எழுத வேண்டிய நாவலை எழுதவிடாமல் செய்பவர்கள் நாமே.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இலக்கிய இதழ்கள் ஆண்டுக்கு ஓர் இதழையாவது இளையோர் புனைவுக்கு ஒதுக்கட்டும்; ஒதுக்கி, வயதுவந்தோர் நாவலுக்குக் காட்டும் அதே கண்டிப்போடு அவற்றை விமர்சிக்கட்டும். மோசமான மாயப்புனைவை மோசம் என்றே சொல்லுங்கள், படித்துவிட்டுச் சொல்லுங்கள். தமிழ்த்துறைகள் நற்றிணைப் பாடலையும் கூத்தாண்டவர் கதையையும் படைப்புப் பயிற்சிக்கான மூலங்களாகவும் நடத்தட்டும். மலையடிவாரத்து ஊர் ஏதோ ஒன்றிலிருந்து ஒரு பெண் தன் மாயச் சர்க்கஸ் நாவலின் கைப்பிரதியைத் தூக்கிக்கொண்டு உங்கள் அலுவலகப் படியேறி வருவாள். அன்றைக்கு அந்தப் புன்னகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். உட்காரச் சொல்லி, முதல் அத்தியாயத்தை அவள் முன்னாலேயே படியுங்கள்.